முடியாத நற்செய்தி: மாற்கு 16:8-ஐ நீலகிரியில் வாசித்தல்

மிஷனெரி ஞாயிறுகளிலும், சபை ஆண்டு விழாக்களிலும், கன்வென்ஷன் பந்தல்களிலும் நம் பிரசங்கிமார் விரும்பிச் சொல்லும் கூற்று ஒன்றுண்டு. அப்போஸ்தலருடைய நடபடிகளுக்கு 28 அதிகாரங்களே உள்ளன. 29-ஆம் அதிகாரத்தை எழுதிக்கொண்டிருக்கிறவர்கள் நாமே என்பது அது. கேட்போர் மகிழ்ந்து தலையசைப்பர். நாமும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். நற்செய்தி முடிந்துபோன பழங்கதை அன்று, விசுவாசிகளின் வாழ்வில் தொடர்ந்து நிகழ்வது என்பதை உணர்த்த இக்கூற்று உதவுகிறது. எனினும், யார் எழுதுகிறார், எதை எழுதுகிறார் என்ற இரு கேள்விகளை இது எழுப்பாமலே விட்டுவிடுகிறது. அக்கேள்விகளை எழுப்பாத சபை, தன் கட்டட நிதி அறிக்கையையே 29-ஆம் அதிகாரம் என்று எண்ணிக்கொள்ளும் நிலை வரலாம், வந்துமிருக்கிறது.

லூக்கா தம் இரண்டாம் நூலைத் திறந்த முடிவோடு விட்டார் என்பது உண்மையே. பவுலின் வழக்கு என்னவாயிற்று என்று அவர் சொல்லவில்லை. வாடகை வீட்டில் இரண்டாண்டு தங்கிய பவுல், வந்தவர்களையெல்லாம் ஏற்றுப் போதித்தார் என்று சொல்லி, 'தடையின்றி' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு நூலை நிறுத்துகிறார். இது ஊக்கமளிக்கும் முடிவு. கதவு திறந்திருக்கிறது, பணியாளர் நடக்க வேண்டியதே மிச்சம். ஆனால் புதிய ஏற்பாட்டில் இதைவிடக் கடினமான, இதைவிட முந்திய இன்னொரு முடியாத கதை இருக்கிறது. அதைக் கொண்டு நாம் 29-ஆம் அதிகாரம் எழுத முன்வருவதில்லை. ஏனெனில் அது தடையின்மையில் முடியவில்லை, அச்சத்தில் முடிகிறது. மாற்கு நற்செய்தியின் முடிவையே குறிப்பிடுகிறோம்.

மூலபாடத் திறனாய்வு கூறுவதை மாணவர் அறிவர். சுருக்கமாக நினைவூட்டினால் போதும். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ப் பிரதியும் வத்திக்கான் பிரதியும் 16:8-உடன் நின்றுவிடுகின்றன. தாம் அறிந்த துல்லியமான பிரதிகள் அவ்விடத்திலேயே முடிந்தன என்று யூசேபியு குறிப்பிட்டிருக்கிறார். மறுபுறம், இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரேனியு 16:19-ஐ மாற்குவின் சொல்லாகவே எடுத்தாள்கிறார். ஆகையால் 9 முதல் 20 வரையுள்ள நீண்ட முடிவு மிகப் பழமையானது என்பதில் ஐயமில்லை. மாற்கு எழுதியது அன்று என்பதே இன்று பெரும்பாலான அறிஞர் கொள்ளும் கருத்து. இதுவன்றி ஒரு குறுகிய முடிவும் உண்டு. வாஷிங்டனில் உள்ள பழம்பிரதி ஒன்றில், சேர்க்கப்பட்ட அந்த நீண்ட முடிவுக்குள்ளேயே 14-ஆம் வசனத்தை அடுத்து மேலும் ஒரு பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. முடிக்கப்பட்ட கதையும் முடிந்ததாகத் தோன்றவில்லை போலும்! எழுதியவர் கையும் படியெடுத்தவர் கையும் எங்கே பிரிகின்றன என்பதைவிட, இத்தனை கைகள் ஏன் நீண்டன என்பதே நம் கவனத்துக்குரியது. எட்டாம் வசனத்தோடு நிற்பதை ஆதித் திருச்சபையால் பொறுக்க முடியவில்லை.

பொறுப்பது எளிதன்று என்பதை மூலத்தை வாசித்தால் உணரலாம். மூன்று பெண்கள் கல்லறைக்குள் நுழைகிறார்கள். வெண்ணுடை தரித்த வாலிபன் ஒருவன் செய்தி சொல்லுகிறான். சீஷரிடமும் பேதுருவிடமும் போய்ச் சொல்லும்படி கட்டளை பெறுகிறார்கள். அவர்களோ நடுங்கி ஓடுகிறார்கள், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதன்பின் கிரேக்கத்தில் இரண்டே சொற்கள்: அஞ்சினார்கள் என்ற வினையும், 'ஏனெனில்' என்று பொருள்தரும் 'கார்' என்ற இடைச்சொல்லும். அந்த இடைச்சொல்லே நூலின் கடைசிச் சொல். ஒரு நூல் இவ்வாறு முடியக்கூடுமா என்று அறிஞர் நெடுங்காலம் ஐயுற்றனர். கடைசி ஏடு கிழிந்திருக்க வேண்டும் என்றனர் சிலர்; மாற்கு கைது செய்யப்பட்டதால் எழுத்து இடையில் நின்றது என்றுகூட ஊகித்தனர் வேறு சிலர். ஆனால் வான் டெர் ஹார்ஸ்ட் 1972-இல் வெளியிட்ட கட்டுரையில், பிளோட்டினு என்னும் தத்துவ ஞானியின் ஒரு நூல் இதே இடைச்சொல்லோடு முடிவதை எடுத்துக்காட்டினார். எனவே இலக்கணத்தைக் காரணம் காட்டி மாற்குவின் முடிவைத் தள்ளிவிட இயலாது.

பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இதே அமைப்பு ஆதியாகமம் 18:15-இல் வருகிறது. சாராள் தான் நகைக்கவில்லை என்று மறுக்கிறாள், ஏனெனில் அஞ்சினாள். வாக்குத்தத்தம் செவியில் விழுந்தவுடன் அச்சமும் பொய்யும் பிறந்த வேளை அது. ஆயினும் ஈசாக்கு பிறந்தான். சாராளின் அச்சம் வாக்கைத் தடுக்கவில்லை. வாக்கும் சாராளின் அச்சத்தை மறைத்துப் பேசவில்லை. மாற்கு இப்பகுதியை மனத்தில் கொண்டே எழுதினார் என்று நாம் வற்புறுத்தவில்லை. ஆனால் வேதத்தில் ஊறிய ஒரு செவி இவ்விரண்டையும் இணைத்துக் கேளாதிருப்பது அரிது.

இங்கே நம் மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காரணத்தை முன்னே வைத்து வினைமுற்றால் வாக்கியத்தை முடிப்பது தமிழ் மரபு. ஆகையால் நம் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் அச்சம் முதலில் வருகிறது, சொல்லாமற்போனமை கடைசியில் நிற்கிறது. கிரேக்க வாசகர் அச்சத்தோடு விடப்படுகிறார். தமிழ் வாசகர் மௌனத்தோடு விடப்படுகிறார். இது மொழிபெயர்ப்பாளரின் பிழையன்று. கடைசி ஒலி மாறும்போது கேள்வியும் சற்று மாறுகிறது என்பதே நம் கருத்து. 'ஏன் அஞ்சினார்கள்?' என்று கேட்கத் தூண்டுகிறது கிரேக்கம். 'எப்போது பேசினார்கள்?' என்று கேட்கத் தூண்டுகிறது தமிழ். சொல்லாமற்போதல் என்ற வினையில் 'போ' என்பது தவறியமையைக் காட்டும் துணைவினையே. ஆயினும் நடந்துபோதல் என்ற முதற்பொருளும் மெல்ல ஒலிக்கத்தான் செய்கிறது. பேசாமல், ஆனால் போனார்கள்.

கதையை அவசரமாக முடிப்பதால் வரும் தீங்கு ஏட்டளவில் நிற்பதில்லை. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சில சிறு சபைகள், சேர்க்கப்பட்ட முடிவின் 18-ஆம் வசனத்தை நம்பி, ஆராதனையில் விஷப்பாம்புகளைக் கையில் எடுத்து வருகின்றன. இவ்வழக்கத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவரான ஜார்ஜ் ஹென்ஸ்லி 1955-இல் பாம்பு கடித்தே மாண்டார். நம் மலைகளில் தேயிலைச் செடிகளுக்கிடையே பாம்பைக் காணும் பெண்கள் அவ்வசனத்தை நினைத்துக் கைநீட்டுவதில்லை. கூவிப் பக்கத்து நிரையிலுள்ளோரை எச்சரிக்கிறார்கள். அதுவே நல்ல வேதவியாக்கியானம் என்று தோன்றுகிறது. அது நிற்க.

நீலகிரிக்கு வருவோம். இம்மலையில் நற்செய்தியின் வரலாறு ஒரு தவறான எதிர்பார்ப்போடு தொடங்குகிறது. பழங்காலத்தில் கிறிஸ்தவர்களாயிருந்து, பின்னர் மறக்கப்பட்ட ஒரு கூட்டத்தார் மலைமேல் வாழ்வதாக மலையாளக் கரையில் ஒரு செய்தி நிலவியது. அவர்களைத் தேடி 1603-இல் ஏறிச் சென்றார் யாக்கோமே பினீசியோ என்னும் இயேசு சபைக் குரு. கண்டது தோடரையும் படகரையும். கிறிஸ்தவத்தின் சுவடு எதையும் அவர் காணவில்லை. முன்னமே எழுதி முடித்த கதையொன்றின் கடைசி ஏட்டைத் தேடிப் போனவர் அவர். மலையிலிருந்தோர்க்கு அவர்களுக்கேயுரிய கதைகள் இருந்தன. அக்கதைகளைக் கேட்பதற்கு அவர் போகவில்லை.

இதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நற்செய்திப் பணி எதுவும் இங்கே நிலைகொள்ளவில்லை. ஆங்கில ஆட்சியும் அதைத் தொடர்ந்து உதகையும் தோன்றின. உதகை பரி. ஸ்தேவான் ஆலயம் 1831-ஆம் ஆண்டு உயிர்த்தெழுதலின் ஞாயிறன்று வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த திப்பு சுல்தானின் அரண்மனை உத்திரங்கள் அதன் கூரையைத் தாங்குகின்றன என்பதைச் சுற்றுலா வருவோர்க்கெல்லாம் சொல்வது வழக்கம். தோற்றவனின் மரங்களைக் கொண்டு கட்டிய ஆலயத்தில் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது உயிர்த்தெழுதல் என்பதைச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதில்லை; நாமும் சொல்வதில்லை.

மலைமக்களிடையே தொடர்ந்த பணி, ஓய்வுபெற்ற நீதிபதி கசமேஜரின் ஆதரவோடு 1846-இல் கேத்தியில் பாசல் மிஷன் தொடங்கியது. அவர் 1849-இல் காலமானபோது தம் சொத்தை மிஷனுக்கு எழுதிவைத்தார். நிலமும் வீடும் பள்ளியும் பணமும் இருந்தன. ஆட்கள் இருந்தார்கள், மொழியைக் கற்றார்கள், ஊர் ஊராக நடந்தார்கள். அவர்களுள் ஒருவரான மெட்ஸ், மலைமக்களைப் பற்றி எழுதிய நூல் 1856-இல் வெளிவந்தது. ஆனால் முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-இல். பன்னிரண்டு ஆண்டுகள்! அந்த ஆண்டுகளை நம் சபை வரலாறுகள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. 'பல இன்னல்களுக்குப் பின்' என்பது அவ்வரி. அதன்பின் எண்ணிக்கை தொடங்குகிறது. ஊர்விலக்குக்கு ஆளான முதல் விசுவாசிகளின் அச்சமும், அவர்களை இழந்த குடும்பங்களின் துயரமும், கேட்டும் பேசாமற்போனவர்களின் பெயர்களும் அவ்வரிக்குள் அடங்கிப்போயின. நடபடிகளின் 29-ஆம் அதிகாரமாக எழுதப்படும் வரலாற்றில் இவற்றுக்கு இடமில்லை. மாற்கு 16:8-க்குப் பின் எழுதப்படும் வரலாற்றிலோ இவையே முதலில் வரும்.

தோடரிடையே நடந்த பணி இதைவிடச் சிந்தனைக்குரியது. இங்கிலாந்துத் திருச்சபையின் செனானா மிஷனைச் சேர்ந்த காதரின் லிங் அம்மையார் பல பத்தாண்டுகள் அவர்களிடையே உழைத்தவர். தோடர் அப்போது ஆயிரம் பேருக்கும் குறைந்த சிறு கூட்டம். அவர்கள் மொழிக்கு எழுத்தில்லை. அம்மொழியில் முதலில் வந்த வேதப்பகுதி மாற்கு நற்செய்தியே. அது 1897-இல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. தோடர் மொழியின் உரசொலிகளும் பலவகை ரகரங்களும் நம் எழுத்துக்குள் அடங்குவன அல்ல. பொருந்தாத சட்டையைப் போட்டுக்கொண்டு மாற்கு மந்துகளுக்குள் நுழைந்தார் எனலாம்.

லிங் அம்மையார் 1934-இல் வெளியிட்ட நூலின் பெயர் 'நீலகிரியின்மேல் சூரியோதயம்' என்று பொருள்படுவது. அவருடைய அன்பையும் உழைப்பையும் குறைத்துப் பேசும் தகுதி நமக்கில்லை. ஆனால் ஒரு திறனாய்வுக் கட்டுரை தலைப்பையாவது வினவ வேண்டும். அக்கால மிஷனெரி நூல்களின் பெயர்களில் இருளும் விடியலும் அடிக்கடி வருகின்றன. இருள் என்பது மக்களின் பழைய கதை. விடியல் என்பது நம் வருகை. சூரியன் எழுந்ததும் கதை முடிகிறது. மாற்குவிலும் சூரியன் உதிக்கிறது. பெண்கள் கல்லறைக்கு வந்தது சூரியன் உதித்தபின் என்று 16:2 தெளிவாகக் கூறுகிறது. அங்கே உதயம் முடிவன்று. வெளிச்சம் வந்த பிறகுதான் அச்சம் பிடிக்கிறது. வெளிச்சத்திலேதான் வாய் அடைபடுகிறது. உதயத்தைக் கொண்டு கதையை முடிப்பவர்கள் மாற்குவின் இரண்டாம் வசனத்தோடு எழுந்துபோய்விடுகிறார்கள்.

அந்த மிஷனில் சாமுவேல் என்னும் உபதேசியார் ஒருவர் இருந்தார். தோடர்க்கு நற்செய்தி அறிவிப்பதற்காகப் பத்தாண்டுகள் மந்துகளுக்கு நடந்தவர். 1901-ஆம் ஆண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜிலிருந்து ரிவர்ஸ் என்னும் அறிஞர் தோடரை ஆராய வந்தபோது, அவர்களுடைய நம்பிக்கைகளை அறிந்தவர் என்ற காரணத்தால் இவரையே மொழிபெயர்ப்பாளராகச் சேர்த்துக்கொண்டார். 1906-இல் வெளிவந்து மானிடவியலில் இன்றும் மதிக்கப்படும் அவருடைய நூலில் சாமுவேலின் உழைப்பும் கலந்திருக்கிறது. இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மாற்குவின் கதையை மந்துக்குள் கொண்டு போன அதே வாய், மந்தின் கதைகளை வெளியே கொண்டு வந்தது. சொல்லப் போனவர் கேட்கவும் நேர்ந்தது. ஞானஸ்நானம் பெற்றோரின் பட்டியலைக் கொண்டு அவர் பணியை அளந்தால் கைக்குக் கிடைப்பது சொற்பம். ஆனால் இரண்டு கதைகளையும் முழுதாகத் தாங்கி நின்ற ஒருவர், கதை முடியாமல் இருப்பதன் பொருளை நம்மில் பலரைவிட நன்கு அறிந்திருப்பார். நம் இறையியல் கல்லூரிகளில் ரிவர்ஸின் பெயர் எப்போதாவது கேட்கிறது. சாமுவேலின் பெயர் கேட்பதில்லை.

ரிவர்ஸ் பதிவு செய்த தோடர் கதைகளுள் ஓன் என்னும் தெய்வத்தின் கதை ஒன்று. எருமைகளைப் படைத்தவன் ஓன். அவன் மகன் இறந்துபோனான். மகனைப் பிரிந்த துயரம் தாளாமல் ஓன் தானும் இறந்தோர் உலகுக்குப் போய், அங்கேயே தங்கி, அவ்வுலகை ஆளுகிறான். உயிரோடிருக்கும் தோடரைக் காப்பவள் அவன் சகோதரி. மகனைப் பின்தொடர்ந்து மரணத்துக்குள் சென்ற தந்தையின் கதை இது. இதை நம் கோட்பாட்டுக்கு முன்னறிவிப்பாக்கி உரிமை கொண்டாடுவது நேர்மையாகாது. அவர்கள் கதை அவர்களுடையது. ஆனால் இக்கதையைத் தாய்மடியில் கேட்டு வளர்ந்த ஒருவர், மாற்குவின் கடைசி அதிகாரத்தைத் தம் மொழியில் கேட்டால் என்ன கேட்பார்? தந்தை எங்கே, மகன் எங்கே, இறந்தோர் உலகில் இல்லையென்றால் எங்கே போனான் என்றே கேட்பார். வாலிபன் சொன்ன விடை அக்கேள்விக்கே உரியதாய் அமைகிறது. அவர் இங்கே இல்லை, உங்களுக்கு முன்னே கலிலேயாவுக்குப் போகிறார் என்பதன்றோ அது! எருசலேம் நகரத்து வாசகரைவிட ஒரு மலைவாசி இவ்விடையின் கூர்மையை நன்கு உணரக்கூடும்.

'முன்னே போகிறார்' என்ற சொல்லில்தான் 29-ஆம் அதிகாரக் கூற்றின் குறை வெளிப்படுகிறது. மாற்குவின் கதை தொடர்வது உண்மை; அதைத் தொடர்பவர் உயிர்த்தெழுந்தவர். சீஷர்கள் பின்னே வந்து சேர வேண்டியவர்கள். அதுவும் தாமதமாக வருகிறவர்கள். பவுல் கொரிந்து சபையாரைக் கிறிஸ்துவின் நிருபம் என்று அழைத்தார். நிருபத்தின் ஆசிரியர்கள் என்று அவர்களை அழைக்கவில்லை. நாம் எழுதுகிறோம் என்று சொல்லும்போது, எங்கே கிறிஸ்து முன்னே போயிருக்கிறார் என்று தேடும் கடமை மறைந்துவிடுகிறது. நாம் போன இடமே கதை நடந்த இடம் என்றாகிவிடுகிறது. முதல் உலகப்போரின்போது ஜெர்மானிய மிஷனெரிகள் இந்தியாவிலிருந்து அகற்றப்பட்டனர். மிஷனெரிகளே கதையை எழுதினார்கள் என்றால் அப்போதே கேத்தியில் கதை நின்றிருக்க வேண்டும். அங்கே இன்றும் சபை இருக்கிறது.

இவ்விடத்தில் நம் வாசகர் சிலர் எழுப்பக்கூடிய மறுப்பை ஒதுக்க முடியாது. சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம், சிலுவையின் பலி ஒரேதரம் செலுத்தப்பட்டது, அதனோடு கூட்ட எதுவுமில்லை என்று போதிக்கிறோம். யோவான் 19:30-இல் ஆண்டவர் தாமே முடிந்தது என்கிறார். எபிரெயர் 10-ஆம் அதிகாரமும் அதையே வற்புறுத்துகிறது. அவ்வாறிருக்க, நற்செய்தி முடியவில்லை என்பது கிருபையின் நிறைவைக் குலைக்காதா? இவ்வச்சம் வீணானதன்று. 'நாம் எழுதும் அதிகாரம்' என்ற பேச்சு, மனித கிரியையை மீட்பின் பங்காக்கும் பக்கம் சாயத்தான் செய்கிறது. ஆனால் மாற்கு இப்பள்ளத்தில் விழவில்லை. அவருடைய நூலின் முதல் வாக்கியமே இதை நற்செய்தியின் ஆரம்பம் என்கிறது. யோவான்ஸ்நானனைப் பற்றிய பகுதி மட்டுமே ஆரம்பம் என்று கொள்வாருமுண்டு. 16 அதிகாரங்களும் சேர்ந்து ஆரம்பம் என்று கொள்வதே நூலின் முடிவோடு ஒத்துப்போகிறது. சிலுவையில் முடிந்த செயல் முடிந்ததே. முடிந்த அச்செயல் இன்னும் சென்று சேராத இடங்கள் உண்டு. அங்கே அவர் முன்னே போகிறார். கொலோசெயர் 1:24-ஐ இவ்வாறே விளங்கிக்கொள்ள இயலும் என்று எண்ணுகிறோம். அது தனிக் கட்டுரைக்குரியது.

கலிலேயா எது? மாற்குவில் அது வலைகளைப் பழுதுபார்த்த இடம், வரி வசூலித்த இடம், கூலியாட்களை அமர்த்திய இடம். சீஷர்கள் பிழைப்பு நடத்திய ஊர். ஆலயமும் அதிகாரமும் எருசலேமில்.

நீலகிரியில் இன்று நற்செய்தி கேட்பவர்களில் பெருந்தொகையினர் மலையின் ஆதிக்குடிகளுமல்லர். மிஷன் பள்ளிகளில் படித்தவர்களின் பரம்பரையுமல்லர். சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 1964-இல் கையெழுத்தானபோது, இலங்கைத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. யாரையும் கேளாமல் இரு பிரதமர்கள் எழுதிய அதிகாரம் அது. பின்னர் 1974-இல் இன்னும் 75,000 பேர் சேர்க்கப்பட்டனர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, அவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கங்களுக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு வேலை தரும்பொருட்டு அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டமே பின்னர் டான்டீ கழகமாயிற்று. வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். இலங்கைத் தோட்டத் தமிழரிடையே 1854-இல் தொடங்கிய மிஷனின் பேரப்பிள்ளைகள் என்று அவர்களைச் சொல்லலாம். வேதப்புத்தகமும் பாட்டுப்புத்தகமும் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். எந்த மிஷன் அறிக்கையும் அவர்களை அனுப்பியதாகக் கூறவில்லை. ஆனால் சில லயன்களில் ஜெபக்கூட்டம் முதலில் தொடங்கியது அவர்கள் வீட்டுத் திண்ணையில். போதகர் பின்னரே வந்தார். நம் வட்டார சபைச் சரித்திரங்களில் போதகர் வந்த ஆண்டே சபை தொடங்கிய ஆண்டாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய சபை ஒன்றில் உயிர்த்தெழுதலின் ஞாயிறன்று பிரசங்கிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. மாற்கு 16-இல் எட்டாம் வசனத்தோடு வாசிப்பை நிறுத்தும்படி சொல்லியிருந்தோம். வாசித்த இளைஞர் நிறுத்திவிட்டு நம்மைத் திரும்பிப் பார்த்தார், சபையாரும் பார்த்தனர். இங்கே சொன்ன மூலபாடச் செய்திகளில் சிலவற்றையும், கலிலேயாவைப் பற்றியும் பேசினோம். பிரசங்கம் நன்றாக அமைந்தது என்றே எண்ணியிருந்தோம்.

ஆராதனை முடிந்தபின் வயது முதிர்ந்த ஓர் அம்மையார் வாசலில் காத்திருந்தார். நாற்பதாண்டுக்கும் மேலாகக் கொழுந்தெடுத்த கைகள். "அந்தப் பொம்பளைங்க சொல்லாம ஓடினது தப்புன்னு நீங்க சொல்லலையே ஐயா, அது சரிதான்" என்றார். ஏன் என்று கேட்டோம். பதினாறு வயதில் கப்பலில் வந்தாராம். பிறந்த ஊரையும் தமக்கையையும் விட்டு வந்தபின், முகாமில் இரண்டு மாதம் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஜெபம் பண்ணக்கூட வாய் வரவில்லையாம். வீட்டார் பேய் பிடித்ததென்று நினைத்தார்களாம். "பயத்துல வாய் கட்டிப்போச்சு. சாமி மேல கோபமும் இல்ல ஒண்ணும் இல்ல."

பிறகு எப்போது பேசினீர்கள் என்று கேட்டோம். தமிழ் வாக்கியம் கேட்கத் தூண்டும் கேள்வியே அது என்பது பிற்பாடுதான் உறைத்தது.

இந்த மலைக்கு வந்து, பிரட்டுக்குப் போய், கூடையை மாட்டிக்கொண்டு நிரையில் இறங்கிய முதல் நாள் என்றார். பக்கத்து நிரையில் நின்ற பெண்ணுக்கும் அதே கப்பலில் வந்த முகமாம். அவள் அழுதுகொண்டிருந்தாளாம். அவளிடம்தான் முதலில் பேசினாராம். என்ன பேசினார் என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

திறனாய்வாளரும் உரையாசிரியரும் 16:8-க்குக் கூறும் விளக்கங்களில் பெண்களின் மௌனம் கீழ்ப்படியாமையாகவோ, சீஷத்துவத்தின் தோல்வியாகவோ, வாசகரைத் தூண்டும் இலக்கிய உத்தியாகவோ கொள்ளப்படுகிறது. மூன்றாவது விளக்கத்தை நாமே பல வகுப்புகளில் விரும்பிக் கற்பித்திருக்கிறோம். ஆயினும் மூன்றும், அஞ்சியவர்களின் அச்சத்தை வெளியே நின்று நோக்குபவை. அம்மையார் சொன்னது அதன் உள்ளேயிருந்து வந்தது. அவர் சொன்னபடி பார்த்தால், மௌனம் நற்செய்திக்கு எதிரானதன்று. அது கேட்கப்பட்டதற்கு உரிய கால அளவு. கலிலேயாவுக்குப் போய்ச் சேரும்வரை அந்த அளவு நீளுகிறது. நாம் அன்று பிரசங்கித்ததில் இது இல்லை. இப்போது அப்பகுதியைக் கற்பிக்கும்போது இலக்கிய உத்தி என்ற சொல்லைத் தயங்கித்தான் பயன்படுத்துகிறோம்.

சாட்சி சொல்லும் நேரத்தைப் பற்றியும் இதன் அடிப்படையில் மீள ஆராய வேண்டியிருக்கிறது. நம் கூட்டங்களில் சாட்சி என்பது முடிந்த கதையாகவே கேட்கப்படுகிறது. நோய் வந்தது, ஜெபித்தோம், நீங்கியது. கடன் வந்தது, ஜெபித்தோம், தீர்ந்தது. நீங்காதவர்களும் தீராதவர்களும் பின்வரிசையில் பேசாதிருக்கிறார்கள். நடுவழியில் நிற்பவரும் எழுந்து நின்று, இதுவரை இவ்வளவுதான் என்று சொல்லி உட்கார இடமிருக்குமானால், மாற்கு நற்செய்தி நம் ஆராதனைக்குள் வந்துவிட்டது எனலாம். அதற்குப் போதகர் ஒருவர், முடிவில்லாத சாட்சிக்கு ஆமென் சொல்லப் பழக வேண்டியிருக்கும். அது பிரசங்கம் செய்வதைவிடக் கடினம் என்பது நம் அனுபவம்.

அம்மையார் இப்போது தம் மகளோடு லயன் வீட்டில் இருக்கிறார். வீடு மகளின் வேலைக்குரியது. மகள் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அதன்பின் வீட்டை விட வேண்டும். எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை. சபைக் கமிட்டியில் இதைப் பேசினோம். அவ்வட்டாரத்தில் இவ்வாறு வெளியேற வேண்டிய குடும்பங்களைக் கணக்கெடுக்கத் தீர்மானமாயிற்று. தேவாலயத்தின் 75-ஆம் ஆண்டு மலருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை அதற்குச் செலவிடலாமா என்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.